கையால் செய்த ஏரி: கொடைக்கானலை வரலாறாக வாசிப்போம்



'நான் சென்று வந்த மலைவாழிடம்' என்று ஒரு கட்டுரைத் தலைப்பு கொடுத்துப் பாருங்க. வகுப்பில் பாதிப் பேராவது 'இயற்கை அன்னை வாரி வழங்கிய எழில்மிகு ஏரி' என்று எழுதியிருப்பார்கள். நானும் பல ஆண்டுகளாக அந்த வரியின் ஓரத்தில் சரி என்று குறியிட்டு வந்தவன்தான். பள்ளி விடுமுறையில் கொடைக்கானலுக்குப் போய், ஏரியைச் சுற்றி நடந்து, அந்த ஊரின் கதையைத் தேடிப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் சரி போட்ட வரி தவறு. அந்த ஏரியை இயற்கை வழங்கவில்லை. 1863இல் மனிதர்கள் கரை கட்டி உருவாக்கினார்கள்.

ஒரு சொல் தவறியதற்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பீங்க. 'இயற்கை தந்தது' என்று எழுதியவுடன் யார் செய்தார்கள், ஏன் செய்தார்கள், யார் உழைத்தார்கள் என்ற கேள்விகள் எல்லாம் மறைந்துவிடுகின்றன. வரலாறு தொடங்குவதே அந்தக் கேள்விகளில்தான். வாங்க, கொடைக்கானலை ஒரு முறை அப்படிச் சுற்றி வருவோம்.

ஏரிக்கு முன்னால்

கொடைக்கானல் தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலைத்தொடரின் மேல், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1821இல் லெப்டினன்ட் வார்டு என்ற ஆங்கிலேய நில அளவையாளர் இங்கே வந்தார். சுற்றுலாக் கையேடுகள் பலவும் கதையை இவரிடமிருந்துதான் தொடங்குகின்றன. சில கையேடுகள் 'கண்டுபிடித்தார்' என்றே எழுதுகின்றன.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. வார்டு வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே தாண்டிக்குடி, பேத்துப்பாறைப் பக்கங்களில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் எழுந்துவிட்டன. பளியர் என்ற பழங்குடி மக்கள் இந்தக் காடுகளில் வாழ்ந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள். பூம்பாறை, வில்பட்டி போன்ற ஊர்களில் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி வேளாண்மை செய்தார்கள். இன்று புவிசார் குறியீடு பெற்றிருக்கும் கொடைக்கானல் மலைப்பூண்டு அந்தப் படிவயல்களில்தான் விளைகிறது. புறநானூற்றின் 205ஆம் பாடல் போற்றும் கடிய நெடுவேட்டுவனின் கோடைமலை இதுதான் என்று சொல்கிற அறிஞர்களும் உண்டு.

ஆகவே வார்டு கண்டுபிடிக்கவில்லை, அளந்தார். தேர்வில் இந்த இரண்டு வினைச்சொல்லுக்கும் நடுவில் இருக்கும் வேறுபாடு மிக முக்கியம்.

ஏன் மலை ஏறினார்கள்?

1834இல் அமெரிக்க சமயத் தொண்டர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து பணியைத் தொடங்கினார்கள். சமவெளியின் வெப்பமும் காலரா போன்ற நோய்களும் அவர்களை வாட்டின. குடும்பங்களில் இறப்பு தொடர்ந்தது. உடல்நலம் தேற ஓர் இடம் வேண்டும் என்று தேடி, 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள்.

அந்தக் காலத்து மருத்துவ அறிவையும் சேர்த்துப் பார்க்கணும். சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றுதான் காய்ச்சலுக்குக் காரணம் என்று அன்று நம்பினார்கள். 'மலேரியா' என்ற பெயருக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ராஸ் காட்டியது 1897இல்தான். காரணம் தெரியாவிட்டாலும், மலைக்கு மேலே காய்ச்சல் குறைவு என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பயம்தான் முதலில் மலை ஏறியது. பொழுதுபோக்கு பிறகு வந்தது.

1863

மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்ச், கொடைக்கானலின் நடுவே கிண்ணம் போல் கிடந்த ஈரநிலத்தில் ஓடைகளை மறித்துக் கரை போட்டார். ஏறக்குறைய 60 ஏக்கரில் நீர் நின்றது. நிலத்தின் மடிப்புகளுக்குள் நீர் புகுந்ததால் ஏரிக்கு நட்சத்திரம் போன்ற வடிவம் வந்தது. இன்று அதைச் சுற்றி வர 5 கிலோமீட்டர் நடக்க வேண்டும். தூத்துக்குடியிலிருந்து படகு வந்தது என்று சொல்வார்கள். 1872இல் பள்ளத்தாக்கின் விளிம்பில் கோக்கர்ஸ் நடைபாதை அமைந்தது.

இங்கே தமிழ் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 'ஏரி' என்றால் பெரும்பாலும் மனிதன் கட்டியதுதான். மழைநீரைத் தேக்கி வயலுக்குப் பாய்ச்சுவதற்காக அரசர்களும் ஊர் மக்களும் அமைத்த நீர்நிலை அது. மதகு இருக்கும், ஏரிக்குக் கீழே ஆயக்கட்டு நிலம் இருக்கும். கொடைக்கானல் ஏரி அந்த மரபில் வந்ததில்லை. வீட்டு நினைவில் வாடிய ஆங்கிலேயர் படகு விடவும், மீன் பிடிக்கவும், மாலையில் உலாவவும் எழுந்தது அது. சொல் ஒன்றுதான், நோக்கம் வேறு. ஒரு நீர்நிலையை யாருக்காகக் கட்டினார்கள் என்று கேட்டாலே அந்தக் காலத்தின் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பது தெரிந்துவிடும்.

ஏரியில் நிரம்பி வழியும் நீர் கீழே இறங்கி, வத்தலக்குண்டு சாலையில் நாம் நின்று படம் எடுக்கும் வெள்ளி அருவியாக விழுகிறது. ஆக, அந்த அருவிக்கு வரும் நீரும் லெவிஞ்ச் போட்ட கரையைத் தாண்டித்தான் வருகிறது.

தூக்கிச் சென்ற தோள்கள்

இப்போது பேருந்தில் உட்கார்ந்தால் சில மணி நேரத்தில் மேலே போய்விடுகிறோம். மோட்டார் வண்டி போகும் மலைச்சாலை 1910களில்தான் வந்தது. அதற்கு முன்பு? இரயில் வந்த பிறகும் அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டு வண்டியில் மலையடிவாரம் வரை போய், அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏற வேண்டும். முடிந்தவர்கள் குதிரையில் போனார்கள். மற்றவர்களை நாற்காலியிலும் டோலியிலும் உட்கார வைத்துக் கூலியாட்கள் தோளில் சுமந்தார்கள். பெட்டி, படுக்கை, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் தலைச்சுமைதான். அந்தப் பாதைக்கே 'கூலி காட்' என்று பெயர்.

லெவிஞ்ச் பெயர் நமக்குத் தெரியும். கோக்கர் பெயர் நடைபாதையில் நிற்கிறது. பாதையில் சுமந்தவர்களின் பெயர்? கரைக்கு மண் சுமந்தவர்களின் பெயர்? அவர்களில் ஒருவரின் பெயரையும் எந்தச் சாலையும் தாங்கவில்லை. ஏரிக்கரையில் நடந்தபோது எனக்கு இதுதான் மனத்தை உறுத்தியது. நம் நாட்டில் இரயில் பாதைக்கும் ரப்பர்த் தோட்டத்திற்கும் உழைத்த நம் முன்னோரின் கதையும் இதே மாதிரிதானே?

பஞ்சமும் சூரியனும்

கொடைக்கானலில் பலர் எட்டிப் பார்க்காமல் திரும்பும் ஓர் இடம் சூரிய ஆய்வகம். அதன் வேர் ஒரு துயரத்தில் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாக்கிய பெரும்பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்களும் உண்டு. மலாயாவுக்கு வந்தவர்களும் அவர்களில் அடங்குவர். மழை ஏன் பொய்த்தது, சூரியனின் மாற்றத்திற்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று அரசு ஆராய விரும்பியது. தெளிவான வானம் தேடி இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1899இல் ஆய்வகம் உருவாகி, 1901இல் சூரியனை நோக்கத் தொடங்கியது. 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வளிமம் ஆர நெடுக வெளிநோக்கிப் பாய்வதை இங்கேதான் கண்டார். 'எவர்ஷெட் விளைவு' என்று அறிவியல் உலகம் இன்றும் அதைச் சொல்கிறது.

ஒரே பஞ்சம் ஒரு பக்கம் மலையுச்சியில் தொலைநோக்கியை நிறுத்தியது; இன்னொரு பக்கம் மக்களைக் கப்பலில் ஏற்றியது. காரணமும் விளைவும் பற்றி எழுத இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

நம் வீட்டுக்கு அருகில்

இது தமிழ்நாட்டுக் கதை மட்டும் இல்லீங்க. கேமரன் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் வந்தார். மலைக்கு அவர் பெயர். ஆனால் ஓராங் அஸ்லி மக்கள் அவருக்கு முன்பே அங்கே இருந்தார்கள். பிறகு சாலை, தேயிலைத் தோட்டம், ஓய்வு மாளிகைகள். ரிங்லெட் ஏரியும் இயற்கை ஏரி அல்ல. 1960களில் மின் உற்பத்திக்காகக் கட்டிய சுல்தான் அபு பாக்கார் அணையால் தேங்கிய நீர். மலைச்சரிவுகளைத் திறந்துவிட்டதால் மண் அரித்து வந்து அந்த ஏரியில் படிகிறது.

கொடைக்கானலும் அப்படி ஒரு விலை கொடுத்திருக்கிறது. மழைநீரைப் பஞ்சு போல் உறிஞ்சி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் சோலைக்காடும் புல்வெளியும் இருந்த இடங்களில் வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்களை நட்டார்கள். நாம் வியந்து பார்க்கும் பைன் காடு நட்டு வளர்த்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்கு அந்தப் புல்வெளிதான் வீடு. 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்த முறை 2030. புல்வெளி சுருங்கினால், நம் குறிஞ்சித் திணைக்குப் பெயர் தந்த பூவும் பாடநூலில் மட்டும்தான் இருக்கும்.

வகுப்பறைக்கு

மாணவர்களே, எந்த இடத்தைப் பற்றி எழுதினாலும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. இது எப்போது, யாரால் உருவானது?
2. அதற்கு முன்பு அங்கே யார் இருந்தார்கள்?
3. யாருடைய தேவைக்காக உருவானது? யாருடைய உழைப்பில்?
4. யார் பயன் பெற்றார்கள்? எது அழிந்தது?

ஆசிரியர்கள் இதைக் குழு நடவடிக்கையாகச் செய்யலாம். ஒரு குழுவுக்குக் கொடைக்கானல், மறு குழுவுக்குக் கேமரன் மலை. இறுதியில் இரண்டையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு 'ஆங்கிலேயர் எல்லாவற்றையும் கெடுத்தார்கள்' என்று ஒரே வரியில் முடித்தால் அதற்கும் புள்ளி வராது. ஏரி அழகுதான். ஆய்வகம் உலகுக்கு அறிவு தந்தது. இன்று ஊர் மக்கள் பலர் அந்த ஏரியை நம்பித்தான் பிழைக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் சான்றோடு எடைபோட்டு எழுதுவதுதான் நல்ல விடை.

இப்போதெல்லாம் 'இயற்கை அன்னை வழங்கிய ஏரி' என்ற வரியைக் கண்டால் நான் அடிப்பதில்லை. ஓரத்தில் 'யார் கட்டினார்கள்?' என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுக்கிறேன். போன தவணையில் ஒரு மாணவி திருத்தி எழுதி வந்தாள்: 'யாரோ சுமந்த மண்ணால் நின்ற நீர் இது.' அந்த வரிக்கு நான் மனமாரச் சரி போட்டேன்.