துர்க்கை என்னும் திருநாமம்

நம் இல்லங்களில் நவராத்திரிக் கொலு வீற்றிருக்கும் அதே நாட்களில், அண்டை வீதியில் வங்காள அன்பர்கள் பந்தலிட்டுத் துர்கா பூஜை நிகழ்த்துகின்றனர். அதனைக் கண்டு திரும்பும் நம் சிறார், "இது வங்காளிகளின் சாமியா? துர்க்கை என்றால் என்ன பொருள்?" என்று வினவுகின்றனர். விடை பகர்தல் பெற்றோராகிய நம் கடன் அன்றோ!

வடமொழியில் 'துர்' என்பது அருமையையும் இன்னலையும் உணர்த்தும் முன்னொட்டு. 'கம்' என்பது செல்லுதலைக் குறிக்கும் வினையடி. எனவே 'துர்க' என்பதற்குச் செல்லுதற்கு அரியது என்பதே நேர்ப்பொருள். இருக்கு வேதத்தில் இச்சொல் கடத்தற்கரிய இடர்களைக் குறித்தது. ஓடம் ஆற்றைக் கடத்துவதுபோல் இடர்களைக் கடத்துவிக்குமாறு ஆங்கு அக்கினியிடம் வேண்டுகின்றனர்.

பின்னர், பகைவர் நெருங்குதற்கரிய கோட்டைக்கும் இதுவே பெயராயிற்று. கௌடிலியர் அரசின் ஏழு உறுப்புகளுள் ஒன்றாகத் துர்க்கத்தை வைத்தார். வள்ளுவர் அதனை அரண் என்றார். சித்ரதுர்கா, ராயதுர்க்கம், தியாகதுருகம் ஆகியன கோட்டையால் பெயர் பெற்ற ஊர்களே. ஹௌரா-நாகபுரி இருப்புப்பாதையிலுள்ள துர்க் நிலையத்திற்குச் சீட்டு வழங்கும்போதெல்லாம் இச்சொல்லையே நாமும் உச்சரிக்கின்றோம்.

இடரைக் குறித்த சொல், இடர் தீர்ப்பவளின் பெயரானது எங்ஙனம்? மார்க்கண்டேய புராணத்தின் பகுதியாகிய தேவி மாகாத்மியம் இரு விடைகள் தருகின்றது. துர்க்கமன் என்னும் அசுரனை வதைத்து இப்பெயர் பெறுவேன் எனத் தேவியே மொழிவது ஒன்று. கடத்தற்கரிய பிறவிக்கடலுக்கு அவளே ஓடம் எனத் தேவர்கள் துதிப்பது மற்றொன்று. பகைவர்க்கு நெருங்கற்கரிய கோட்டை; அடைந்தோர்க்கு ஓடம். இரண்டும் ஒரே பெயருள் அடங்கின.

இவள் நமக்குப் புதியவள் அல்லள். சிலப்பதிகார வேட்டுவர் வழிபட்ட கொற்றவை எருமைத்தலைமேல் நின்றவள். மாமல்லபுரத்தில் 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி செதுக்கிய தேவி, சிங்கமேறி மகிடனோடு பொருகின்றாள். நம் ஊர்ச் சிவாலயங்களில் கருவறையின் வடபுறச் சுவரில் நாம் விளக்கேற்றி வணங்கியதும் இவளையே. கொல்கத்தாவின் துர்கா பூஜையை 2021-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மானிடப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தபோது, அப்பெருமையில் நமக்கும் பங்குண்டு என்றே மகிழ்ந்தோம்.

பிழைப்பு நாடி ஊர் கடந்து வந்த நமக்கு, கடத்தற்கரியதைக் கடத்துவிப்பவள் என்னும் பொருள் எத்துணை அணுக்கமானது! ஆகவே, வரும் நவராத்திரியில் நம் குழந்தைகளைக் கைப்பிடித்துப் பந்தலுக்கு அழைத்துச் செல்வோம். "இவள் பிறர் வீட்டுத் தெய்வம் அல்லள், நம் ஊர்க் கோயில் வடசுவரில் நின்ற அன்னையே இவள்" என்று காட்டுவோம். அவள் அருள் நம் சங்கத்தைக் காப்பதாக!