சவலை: ஒரு சொல்லும் தோட்டத்துக் குழந்தைகளும்

தாய் மீண்டும் கருவுற்றமையால் பால் குன்றி மெலிந்த பிள்ளையைச் ‘சவலைப் பிள்ளை’ என்பது தமிழ் வழக்கு. நோயையும் அதன் காரணத்தையும் ஒருசேர உணர்த்தும் சொல் அது.

இச்சொல்லுக்கு ஆப்பிரிக்காவில் ஓர் இணை உண்டு. இன்றைய கானா நாட்டில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், உடல் வீங்கி, தோல் உரிந்து, மயிர் நிறம் மாறி இறந்த குழந்தைகளைக் கண்டு 1933இல் அந்நோயை விவரித்தார். 1935இல், அங்குள்ள கா மொழித் தாய்மார் வழங்கிய ‘குவாஷியோர்கர்’ என்னும் பெயரையே மருத்துவ உலகிற்கு அளித்தார். அடுத்த பிள்ளை பிறக்கும்போது மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். சவலை மெலிவையும் குவாஷியோர்கர் வீக்கத்தையும் சுட்டினும், இரண்டும் காட்டும் காரணம் ஒன்றே.

அவ்வம்மையார் 1936இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். தாய்ப்பாலுக்கு மாற்றாக இனிப்பூட்டிய டின் பாலை விற்றதைக் கண்டித்து, 1939இல் சிங்கப்பூரில் ‘பாலும் கொலையும்’ என்னும் தலைப்பில் உரையாற்றினார். கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களின் வாழ்வை அறிந்தோர்க்கு அவ்வுரையின் பொருள் எளிதில் விளங்கும். பால்மரம் வெட்டும் தாய் விடியுமுன் நிரைக்குச் செல்வாள். கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில் கிடக்கும். முலைப்பால் குடிக்க வேண்டிய நேரத்தில் தாய் மரத்தடியில் நிற்பாள். டின் பால் நுழைந்த வழி இதுவே.

சப்பானியர் ஆட்சியில் இக்குறை பேரிடராயிற்று. அரிசி அருகியது, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. கிழங்கு வயிற்றை நிரப்பும். ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. ஆடவர் பலர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டமையால் குடும்பங்கள் ஈட்டுவோரையும் இழந்தன. வில்லியம்ஸ் அம்மையாரும் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார். ஆங்கே பிறந்த 20 குழந்தைகளும் தாய்ப்பால் உண்டு, 20 பேரும் பிழைத்தனர் என்று அவர் பின்னர் பதிவு செய்தார். பட்டினிக்கு நடுவிலும் தாயைப் பேணுவதே பிள்ளையைப் பேணுவதாகும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா. 1948இல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு அவரே முதல் தலைவரானார்.

இன்று கடும் ஊட்டக்குறையை அறிய, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கையைச் சுற்றி ஒரு நாடா போதும். சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஆபத்து. வேறு சிக்கல் இல்லாத குழந்தைக்கு நிலக்கடலை, பால்மா, எண்ணெய், சர்க்கரை, நுண்சத்துகள் கலந்த பசையை வீட்டிலேயே கொடுத்துத் தேற்றலாம். 2007 முதல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இம்முறையைப் பரிந்துரைத்து வருகின்றன. நாடாவைப் பிடிக்க மருத்துவர் தேவையில்லை, தாயே அளக்கலாம்.

நோயை முதலில் கண்டவரும் தாயே. அதற்குப் பெயரிட்டவரும் தாயே. கா மொழிப் பெண்களின் சொல்லை உலகம் கேட்டது. நம் பாட்டியரின் சொல்லோ அகராதியில் உறங்குகின்றது. தோட்டங்கள் கலைந்து, லயத்து வீடுகள் இடிக்கப்பட்டு, மக்கள் நகர்ப்புற அடுக்ககங்களுக்குப் பெயர்ந்துவிட்ட இக்காலத்தில், ஆயாக்கொட்டகை, சவலை போன்ற சொற்களை அறிந்தோர் குறைந்து வருகின்றனர். ஆசிரியர்கள் மாணவர்களைத் தத்தம் பாட்டியரிடம் அனுப்பி இவற்றைக் கேட்டெழுதச் செய்வாராயின், மொழியோடு ஒரு மருத்துவ வரலாறும் காக்கப்படும்.