சூளை தந்த ஊர்ப்பெயர்

பிரிக்பீல்ட்ஸ் என்றதும் நமக்குக் கோயிலும் கடைத்தெருவும் நினைவுக்கு வரும். அந்தப் பெயரின் பொருளோ செங்கற்களம்!

1881 சனவரியில் கோலாலம்பூரைத் தீ அழித்தது; அவ்வாண்டின் இறுதியில் வெள்ளமும் வந்தது. வீடுகள் மரமும் அத்தாப்பும்தானே! 1882இல் சிலாங்கூர் ரெசிடெண்டான பிராங்க் சுவெட்டன்ஹாம், செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டச் சொன்னார். சீனர் தலைவர் கப்பித்தான் யாப் ஆ லோய் இங்கே சூளை அமைத்தார்.

விறகுச் சூளைக்குப் பொறுமை வேண்டும். பச்சைக் கல்லை நன்கு உலர்த்தி, நெருப்புக்கு வழிவிட்டு அடுக்கி, முதலில் இளந்தீ மூட்டவேண்டும். அவசரப்பட்டால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிக் கல்லை வெடிக்கச் செய்யும். பதமாக வெந்த கல்லோ மழையில் கரையாது; தீயில் எரியாது.

சென்னையிலும் ‘சூளை’ என்றொரு பேட்டை உண்டு. கல் சுட்டவர்களின் பெயர்கள் மறைந்தன. அவர்கள் தொழில் ஊர்ப்பெயராக நிற்கிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.