பப்பாயின்

பப்பாளிக் காயின் பாலிலுள்ள, புரதங்களைச் சிதைக்கும் நொதி. சிஸ்டீன் புரோட்டியேஸ் வகையைச் சேர்ந்தது. 212 அமினோ அமிலங்களாலான ஒற்றைச் சங்கிலி. 25ஆம் இடத்துச் சிஸ்டீனின் கந்தக அணு, 159ஆம் இடத்து ஹிஸ்டிடினின் துணையுடன் பெப்டைடுப் பிணைப்பைத் தாக்கிப் புரதத் துண்டுடன் தற்காலிகமாக இணைகிறது. நீர் மூலக்கூறு அத்துண்டை விடுவித்ததும் நொதி மாறாமல் மீள்கிறது. பச்சைப் பப்பாளி சேர்த்த இறைச்சி விரைவில் மென்மையாவது இதனால்தான்.

முதிர்ந்த பச்சைக் காயைக் கீறிப் பாலெடுத்து உலர்த்துவர். கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 2, கோ 5, கோ 6 இரகங்கள் இதற்கு ஏற்றவை. பப்பாயின் பீரைத் தெளிவிக்கவும் பயன்படுகிறது. ஆயினும் உயிரியலுக்கு இதன் பங்கே பெரிது: ராட்னி போர்ட்டர் 1959இல் இந்நொதியால் எதிர்ப்பொருளைத் துண்டுகளாக்கி, ஆன்டிஜெனைப் பற்றும் பகுதியைத் தனியே பிரித்தார்; எதிர்ப்பொருள் அமைப்பைக் கண்டறிந்தமைக்காக 1972இல் ஜெரால்டு எடல்மனுடன் நோபல் பரிசு பெற்றார்.