காரத்தன்மையே முதற்கணக்கு: ஜெர்மனியின் வீட்டுக் கஞ்சா வளர்ப்பில் நீரும் வளர்ப்பூடகமும்

ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல், பதினெட்டு வயது நிறைந்த ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் மூன்று கஞ்சாச் செடிகள் வரை வளர்க்கச் சட்டம் இடம் தருகிறது. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி உரிமமின்றிக் கஞ்சாச் செடி வளர்ப்பது தண்டனைக்குரிய குற்றம். ஆகவே இக்கட்டுரை பேசுவது ஜெர்மன் வீடுகளைப் பற்றித்தான். ஆனால் அந்த வீடுகளில் தொட்டியை நிரப்பும் தேங்காய் நார்க் கட்டிகளில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போய்ச் சேருபவை. அந்த அளவில் இது தேங்காய் நார் ஆலைகள் உள்ள பொள்ளாச்சியின் விவகாரமும் ஆகிறது.

புதிதாக வளர்க்கத் தொடங்குவோருக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒரே வடிவில் இருக்கிறது: நல்ல ஊடகம் வாங்கு, பிஹெச் மீட்டர் வாங்கு, நீரின் பிஹெச் 6 அளவில் இருக்குமாறு பார்த்துக்கொள். இந்த வரிசையே பிழை என்பது என் வாதம். நீரைத்தான் முதலில் அறிய வேண்டும். ஊடகத்தை அதற்கேற்பத் தேர வேண்டும். நீரை அறிவது என்றால் அதன் பிஹெச்சை அறிவதன்று, அதன் காரத்தன்மையை அறிவது. இரண்டும் ஒன்றென்று எண்ணுவதிலிருந்தே வீட்டு வளர்ப்பின் பாதித் தொல்லைகள் பிறக்கின்றன.

பிஹெச் என்பது அந்த நொடியில் நீரில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளின் அளவைக் காட்டும் எண். காரத்தன்மை என்பது அந்த நீர் எவ்வளவு அமிலத்தை விழுங்கித் தாங்கும் என்பதன் அளவு. குடிநீரில் அது பெரிதும் பைகார்பனேட்டால் வருவது. மியூனிக் நகரின் குழாய் நீர் ஆல்ப்ஸ் அடிவாரத்து மாங்ஃபால் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புச் சரளைப் படுகைகளிலிருந்து வருகிறது; கடின நீர். ஹார்ட்ஸ் மலை அணைகளிலிருந்து வருவதோ மிக மென்மையான நீர். அது பிரேமன் வரைக்கும் குழாயில் போகிறது. இப்போது பிஹெச் மீட்டரை இரண்டிலும் வைத்துப் பாருங்கள். மென்னீர் குழாய்களை அரிக்காதிருக்க அதன் பிஹெச்சைச் சுத்திகரிப்பு நிலையத்திலேயே உயர்த்திவிடுகிறார்கள். எனவே அது 8-க்கு மேல் காட்டக்கூடும். கடின நீர் அதைவிடக் குறைவாகவே காட்டும். மீட்டரை நம்புபவர் ஹார்ட்ஸ் நீரே தம் செடிக்குப் பகை என்று முடிவு கட்டுவார். உண்மை நேர்மாறானது.

கணக்கிட்டுப் பார்ப்போம். 11 லிட்டர் தொட்டியில் நிற்கும் ஒரு செடிக்கு அதன் ஆயுளில் மொத்தம் 100 லிட்டர் நீர் ஊற்றுவதாகக் கொள்வோம். கடின நீரில் லிட்டருக்கு 5 மில்லிமோல் காரத்தன்மை இருந்தால், அந்த 100 லிட்டரில் தொட்டிக்குள் இறங்குவது 25 கிராம் சுண்ணாம்புத் தூளுக்கு, அதாவது கால்சியம் கார்பனேட்டுக்கு, நிகரானது. மென்னீரில் 0.7 மில்லிமோல் என்றால் வெறும் 3.5 கிராம். கடைக் கலவைகளின் வழக்கமான அடிப்படையான பீட் எனும் சதுப்புக்கரி இயல்பில் 3.5 முதல் 4.5 வரை பிஹெச் கொண்ட அமிலப் பொருள். லிட்டருக்குச் சுமார் 4 கிராம் சுண்ணாம்பு கலந்து அதைச் செடி ஏற்கும் நிலைக்குக் கொண்டுவந்த பின்பே பையில் அடைக்கிறார்கள் என்று கொண்டால், 11 லிட்டருக்கு அது 44 கிராம். அதாவது, கடின நீர்க்காரர் தம்மை அறியாமலே அதில் பாதிக்கு மேல் இன்னொரு தவணைச் சுண்ணாம்பைத் தொட்டியில் சேர்க்கிறார். அந்தச் சுண்ணாம்பு பையிலும் இல்லை, உரக் குப்பியிலும் இல்லை. குழாயிலிருந்து வருகிறது.

அதன் விளைவு ஆறாவது, ஏழாவது வாரத்தில் தெரியும். ஊடகத்தின் பிஹெச் மெல்ல 7-ஐத் தாண்டும். இரும்பும் மாங்கனீசும் வேருக்கு எட்டாதபடி கரையாமல் தங்கிவிடும். தளிர் இலைகளில் நரம்பு பச்சையாக, நரம்பிடை மஞ்சளாக நிறம் மாறும். வளர்ப்பவர் இதைப் பட்டினி என்று படித்து, உரத்தைக் கூட்டுகிறார். இங்கேதான் ஆய்வுகள் உதவுகின்றன. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் கேப்லன், டிக்சன், ஜெங் ஆகியோர் நீர்ப்பிடிப்புத் திறன் வேறுபட்ட இரண்டு காயர் (தேங்காய் நார்க்கழிவு) கலவைகளில் உர அளவை மாற்றி மாற்றி வைத்து 2017-இல் வெளியிட்ட ஆய்வுகளில், பூக்கும் பருவத்தில் உரம் கூடக்கூட விளைச்சல் கூடினாலும் பூவில் டிஹெச்சி எனும் செயற்படு சேர்மத்தின் செறிவு நீர்த்துப்போனது. இஸ்ரேலின் வோல்கானி மையத்தில் நிரித் பெர்ன்ஸ்டைன் குழுவினரும் மிகுதியான நைட்ரஜன் வேதிச் சேர்மங்களின் செறிவைக் குறைப்பதைக் காட்டியிருக்கிறார்கள். வலிக்காக அளவு பார்த்துப் பயன்படுத்தும் ஒருவருக்கு இது சிறிய செய்தியன்று. சென்ற அறுவடையின் அளவு இந்த அறுவடைக்குப் பொருந்தாமல் போகும். மஞ்சள் இலைக்கு மருந்து உரமன்று. நீரைத் திருத்துவதுதான்.

காரத்தன்மையை அறிய ஜெர்மனியில் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு குடிநீர் வழங்கல் நிறுவனமும் வெளியிடும் ஆய்வறிக்கையில், பிஹெச் 4.3 வரையான அமிலக் கொள்திறன் என்ற வரியில் மில்லிமோல் கணக்கில் அந்த எண் இருக்கிறது. கடினத்தன்மை வரியைப் பார்த்து நிறைவடைவது போதாது. கடினத்தன்மை கால்சியம், மெக்னீசியம் இவற்றின் கணக்கு. அவை சல்பேட்டாகவும் இருக்கலாம், அப்போது அமிலத்தை அவை தாங்குவதில்லை. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே உயர்வதால்தான் குழப்பம் நீடிக்கிறது.

குழாய் நீர் கடினமாக இருந்தால் மாற்று வழிகள் என்ன? பலர் வீட்டில் உப்பு போட்டு இயங்கும் மென்னீராக்கியை வைத்திருக்கிறார்கள். செடிக்கு அதைவிடக் கேடான நீர் இல்லை. அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு அதனிடத்தில் சோடியத்தைத் தருகிறது. பைகார்பனேட்டோ அப்படியே நிற்கிறது. செடிக்கு வேண்டியது போய், வேண்டாதது வந்து, தொல்லை மட்டும் எஞ்சுகிறது. அந்தக் கருவிக்கு முன்பே பிரியும் தோட்டக் குழாய் இருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும். எதிர்ச் சவ்வூடுபரவல் கருவி தூய நீர் தரும், ஆனால் தருவதைப் போல ஒன்றுக்கு மேற்பட்ட மடங்கு நீரைச் சாக்கடைக்கு அனுப்பும். மூன்று செடிக்கு அது தேவையில்லை.

மழைநீர்தான் இயல்பான துணை. கடின நீரில் பாதிக்குப் பாதி மழைநீர் கலந்தால் காரத்தன்மை ஏறத்தாழப் பாதியாகும், கால்சியமும் கொஞ்சம் தங்கும். ஆனால் மழைநீரை வானத்திலிருந்து நேரே பிடிப்பதில்லை, கூரையிலிருந்து பிடிக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. ஜெர்மன் வீடுகளில் மழைத் தாரைகளும் பல கூரைத் தகடுகளும் துத்தநாகம் அல்லது செம்பு. அவற்றிலிருந்து உலோகம் கரைந்து வருகிறது. தட்டைக் கூரைகளின் பிட்டுமன் விரிப்புகளில் வேர் துளைக்காதிருக்கச் சேர்க்கப்படும் மெக்கோப்ராப் எனும் களைக்கொல்லி மழைநீரில் இறங்குவது அளந்தறியப்பட்டது. கஞ்சா கன உலோகங்களை உறிஞ்சிச் சேர்க்கும் இயல்புள்ள தாவரம். செர்னோபில் பகுதியின் மாசுபட்ட மண்ணில் கஞ்சாவின் நார்வகையான ஹெம்ப்பை நட்டுச் சோதித்ததும் இந்த இயல்பைக் கருதித்தான். மருந்துக் கடைக்குப் போகும் கஞ்சா ஆய்வகச் சோதனைக்கு உட்படுகிறது; பலகணியில் வளர்வது உட்படுவதில்லை. ஆகவே ஓட்டுக் கூரை, பிளாஸ்டிக் தாரை உள்ள வீட்டு மழைநீரை ஏற்கலாம். துத்தநாகக் கூரை நீரைத் தவிர்க்க வேண்டும் என்று உறுதியாகவே சொல்வேன்.

குளோரின் குறித்த அச்சம் மிகை. ஜெர்மனியின் குடிநீரில் பெரும்பாலும் குளோரின் இல்லை அல்லது மிகக் குறைவு. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் உள்ள குளோரமின் ஓரிரவு திறந்து வைத்தால் போகாது என்பது உண்மை, ஆனால் அந்த அறிவுரையை அப்படியே பெர்லினுக்குக் கொண்டுவருவதில் பொருளில்லை.

நீரின் எண் கையில் வந்தபின் ஊடகத்துக்கு வருவோம். கடைகளில் விற்கும் கலவைகளில் நெடுங்காலம் பீட்தான் அடிப்படை. அது நீரைப் பிடிக்கும், காற்றையும் விடும், எடை குறைவு. ஆனால் சதுப்பில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே சேர்கிறது. வடிக்கப்பட்ட சதுப்பு நிலங்களிலிருந்து வரும் வாயுக்கள் ஜெர்மனியின் மொத்தப் பசுங்குடில் வாயு வெளியீட்டில் சுமார் 7 விழுக்காடு. அதில் பெரும்பகுதி வேளாண்மைக்காக வடிக்கப்பட்ட நிலங்களின் கணக்கு என்றாலும், பீட் வெட்டுவதை அது நியாயப்படுத்தாது. வீட்டுத் தோட்டத் துறையை 2026-க்குள் பீட் இல்லாததாக்குவது என்று ஜெர்மன் வேளாண் அமைச்சகம் 2022-இல் இலக்கு வைத்தது. அந்த வெற்றிடத்தை நிரப்பும் பொருள்களுள் ஒன்றுதான் நம் நார்க்கழிவு.

தேங்காய் மட்டையிலிருந்து ஒரு கிலோ நார் எடுத்தால் ஏறத்தாழ இரண்டு கிலோ பித் எனும் அந்தக் கழிவு மிஞ்சும். பொள்ளாச்சி, உடுமலை, பட்டுக்கோட்டைப் பக்கங்களில் அது சாலையோரக் குன்றாகக் கிடந்த காலம் ஒன்று உண்டு. இன்று இந்தியக் காயர் ஏற்றுமதியில் முன்னிலையில் நிற்பது அதுவே. அழுத்திய 5 கிலோ கட்டி நீரில் ஊறி 60 லிட்டருக்கு மேல் விரியும். மூன்று செடிகளுக்கு ஒரு கட்டி தாராளம். ஆனால் அதன் வேதியியல் பீட்டின் வேதியியலன்று. மட்டையிலேயே பொட்டாசியம் மிகுதி. கடலோர மண்ணும் உப்பு நீரும் சோடியத்தையும் குளோரைடையும் கூட்டுகின்றன. பித்தின் அயனிப் பரிமாற்ற இடங்களை இந்தப் பொட்டாசியமும் சோடியமும் பிடித்திருக்கின்றன. வளர்ப்பவர் ஊற்றும் கால்சியமும் மெக்னீசியமும் முதலில் அந்த இடங்களுக்குப் போய் அவற்றை வெளியேற்றும். செடிக்கு மிஞ்சுவது பிறகே. வெறும் நீரில் கழுவினால் ஈசி, அதாவது கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன், இறங்கும், ஆனால் பரிமாற்ற இடங்களில் ஒட்டியிருப்பவை பெரிதும் இறங்கா. அதற்குக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைக்க வேண்டும். கழுவியது, கால்சியம் ஏற்றியது என்பவை இருவேறு தரங்கள். விலையும் வேறு.

இனி நீரையும் ஊடகத்தையும் பொருத்திப் பார்த்தால் பொது அறிவுரைகள் உடைகின்றன. மியூனிக் நீரில் லிட்டருக்குச் சுமார் 80 மில்லிகிராம் கால்சியம் ஏற்கெனவே உண்டு. அங்கே காயரில் வளர்ப்பவர் கால்சியம்-மெக்னீசியம் குப்பியை வழக்கம்போல வாங்கி ஊற்றுவது வீண் செலவு. காயரில் சுண்ணாம்பு கலப்பதில்லை என்பதால் கடின நீருக்கு அது பீட் கலவையைவிட ஏற்றது. அம்மோனியம் ஓரளவு உள்ள உரத்தைச் சேர்த்தால், வேர் அம்மோனியத்தை எடுக்கும்போது விடும் அமிலம் பைகார்பனேட்டின் ஒரு பகுதியைச் சமன்செய்யும். பிரேமனில் ஹார்ட்ஸ் நீர் ஊற்றுபவருக்கோ இந்த விதிகள் தலைகீழ். அவருக்குக் கால்சியம் ஏற்றிய காயர் கட்டாயம், அல்லது சுண்ணாம்பு கலந்த கலவை. இன்னொரு வழியும் அவருக்கு உண்டு, அதை நான் முதலிடத்தில் வைப்பேன்: உள்ளூர்ப் பசுமைக் கழிவு கம்போஸ்ட், மக்கிய மரப்பட்டை, மரநார் ஆகியவற்றின் கலவை. கம்போஸ்ட் காரமானது, பொட்டாசியம் நிறைந்தது. கடின நீரோடு சேர்ந்தால் பிஹெச் ஏறிவிடும், மென்னீரோடு சேர்ந்தால் நிலைபெறும். மரநார் மக்கும்போது நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் முதல் வாரங்களில் அதை ஈடுசெய்ய வேண்டும். கடைகளில் கிடைக்கும் இன்னோர் ஊடகமான பாறைக் கம்பளி மக்காத கழிவாக எஞ்சும். வீட்டுக்கு அது வேண்டாம்.

பீட் இல்லாதது என்ற ஒரு சொல்லால் காயரைப் பசுமைப் பொருளாக எழுதிவிடும் போக்கை நான் ஏற்கவில்லை. கழுவும் நீர் எங்கிருந்து வருகிறது? பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தின் வறண்ட பகுதிகளில், தென்னைக்கே ஆழ்துளைக் கிணறு போதாத ஊர்களில், பித்தை மூன்று நான்கு முறை கழுவுகிறார்கள். கழுவி வடியும் பழுப்பு நீரில் பொட்டாசியம், சோடியம், குளோரைடு, டானின். அது தேங்கும் இடத்தில் நிலத்தடி நீரின் உப்பு ஏறுகிறது. கிணற்று நீர் நிறம் மாறியதாகக் கிராமத்தார் பலமுறை முறையிட்டிருக்கிறார்கள். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இத்தொழிலை மாசு குறைந்தவற்றுக்கான வெள்ளைப் பட்டியலிலிருந்து கட்டுப்பாடு மிகுந்த ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியபோது உற்பத்தியாளர்கள் எதிர்த்ததையும் நியாயமற்றதென்று தள்ள முடியாது. சிறு ஆலைகளால் கழிவுநீர்க் கட்டமைப்பின் செலவைத் தாங்க இயலவில்லை. வாங்குபவர் குறைந்த ஈசி கேட்கிறார், அந்தக் குறைவின் விலையைக் கட்டியின் விலையில் தருவதில்லை. உப்பு இங்கே தங்குகிறது, உப்பற்ற பித் அங்கே போகிறது.

ஜெர்மனியில் இன்று மூன்று செடி வளர்க்கும் ஒருவர் செய்யத்தக்கவை அதிகமில்லை. கடின நீர்க்காரர் காயரைத் தேர்ந்தால், ஒரே அறுவடையோடு அதைத் தூக்கி எறியாமல் வேர்களை நீக்கி, மீண்டும் கால்சியம் ஏற்றி, இரண்டு மூன்று பருவங்கள் பயன்படுத்தலாம். பித் மெதுவாகவே மக்கும். மென்னீர்க்காரர் உள்ளூர்க் கம்போஸ்ட் கலவைக்கு மாறலாம். இறக்குமதி நிறுவனங்கள் உறையில் ஈசியையும், கால்சியம் ஏற்றப்பட்டதா என்பதையும், கழுவிய நீர் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தப்பட்டதா என்பதையும் அச்சிட வேண்டும். இம்மூன்றையும் சொல்லாத கட்டியை எவரும் வாங்காதிருப்பது நல்லது.