ஏற்றையும் பிணவும்

செஞ்சி என்றதும் நினைவில் எழுவது குதிரைதான். 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் படையை எதிர்த்து மாண்ட தேசிங்கையும் அவனது குதிரையையும் கதைப்பாடல் பிரித்துப் பார்ப்பதேயில்லை. ஆனால் செஞ்சியிலிருந்து திருவண்ணாமலையைக் கடந்து மேற்கே செங்கம் பகுதிக்குச் சென்றால், அங்கே கல்லில் நிலைபெற்றிருப்பது ஒரு நாய்.

நாய் வளர்ப்போரிடையே ஓயாத வழக்கொன்று உண்டு: பழக்குவதற்கு உகந்தது ஆணா, பெண்ணா? காவலுக்கு ஆண், வீட்டோடு ஒட்டி வாழப் பெண் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விடை. இந்தப் பாகுபாட்டின் சாயல் நம் இலக்கணத்திலும் தென்படுகிறது. தொல்காப்பிய மரபியல் பன்றி, புல்வாய், நாய் ஆகியவற்றின் பெண்ணுக்குப் பிணவு என்ற பெயரைத் தருகிறது. ஆற்றல் மிக்க ஆண் விலங்குகள் அனைத்துக்கும் உரிய பெயர் ஏற்றை. ஆற்றல் ஆணின் பெயரோடு சேர்க்கப்பட்டுவிட்டது.

நடுகற்கள் என்ன சொல்கின்றன? முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது எடுத்தனூர் நடுகல். எருமைகளைக் காக்கும் முயற்சியில் உயிர்விட்ட கருந்தேவகத்திக்கு எடுக்கப்பட்டது. இரு கள்வரைக் கடித்து, அகலாமல் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயும் அதில் இடம்பெறுகிறது. பெயரின் ஈறு ஆண்பால். இதுவரை வழக்குமொழி வென்றதாகவே தோன்றும்.

அடுத்த சான்று அதைக் கலைத்துவிடுகிறது. 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்தான். எதிரணியில் நின்ற கங்க மன்னன் பூதுகன், தன் வீரன் மணலேரனின் திறத்தை மெச்சி, வேண்டியதைக் கேள் என்றான். மணலேரன் கேட்டது ஒரு வேட்டை நாயை. அதன் பெயர் காளி. பின்னர் அது பெரும் காட்டுப்பன்றி ஒன்றோடு பொருது, அதனைக் கொன்று தானும் மடிந்தது. கன்னட நாட்டு ஆதகூரில் அதற்குக் கல் நட்டு, வழிபாட்டுக்கு நிலமும் விட்டார்கள். பெயரை வைத்துச் சொன்னால், போர்ப்பரிசாகக் கேட்கத்தக்க ஆற்றல் இங்கே பிணவுக்கு உரியதாகிறது.

இயல்பில் வேறுபாடே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. 1980களில் அமெரிக்க ஆய்வாளர்கள் பெஞ்சமின் ஹார்ட், லினெட் ஹார்ட் இருவரும் கால்நடை மருத்துவர்களையும் பயிற்சிப் போட்டி நடுவர்களையும் வினவித் தொகுத்தார்கள். கட்டளைக்குப் பணிவதில் பெண் நாய்கள் முந்துகின்றன, பிற நாய்களோடு மோதுவதிலும் எல்லை காப்பதிலும் ஆண் நாய்கள் முந்துகின்றன என்பதே பெரும்பாலோர் கருத்து. எனினும் இவை சராசரிகள். அதிலும் வல்லுநரின் மதிப்பீடுகள். முன்னால் நிற்கும் ஒரு தனி நாயைப் பற்றி அவை உறுதியாக எதையும் சொல்லிவிட முடியாது. தென்மாவட்டங்களின் கன்னி நாய் இனத்தில் ஆணுக்கும் கன்னி என்றே பெயர். வேட்டையில் அப்பெயரால் அதற்குக் குறையேதும் நேர்ந்ததில்லை.

கோவிவனைப் பழக்கியவர் யார் என்று கல் கூறவில்லை. மந்தையோடு அலைந்து, உணவைப் பகிர்ந்து, குரலுக்குச் செவிசாய்க்கக் கற்றுத்தரும் நெடிய உறவே அக்காலப் பயிற்சியாக இருந்திருக்க வேண்டும். நாய்க்குக் கல் நட்டவர்கள் ஆண், பெண் என்று அடைமொழி சேர்க்கவில்லை. பெயரைப் பொறித்தார்கள், செயலைப் பொறித்தார்கள். நாய்க்குட்டியைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வியும் அதன் பாலைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. அதனோடு செலவிடத் தம்மிடம் எவ்வளவு பொழுது உண்டு என்பதே அக்கேள்வி.