வால் மட்டும் கரை சேர்ந்த குதிரைகள்

உயிரைப் போக்காதிருந்தால் மட்டுமே கொல்லாமை விரதம் நிறைவுற்றது எனச் சமண அறம் கருதுவதில்லை. உமாசுவாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரம், அவ்விரதத்திற்குரிய அதிசாரங்களாக ஐந்து குற்றங்களை எண்ணுகிறது: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவிறந்த பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். கொலை நிகழாவிடினும் இவை குற்றங்களே. கடல்வழியே விலங்குகள் கொண்டுசெல்லப்பட்ட வரலாற்றை இவ்வைந்தையும் மனத்திற்கொண்டு நோக்குதல் தகும்.

தமிழகத்திற்குக் குதிரைகள் கடல்வழி வந்த செய்தியைப் பட்டினப்பாலையே கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டில் ஏடன், ஹோர்முஸ் முதலிய இடங்களிலிருந்து பாண்டிய நாட்டுக் காயல் துறைக்கு அவை திரளாக வந்தன. ஆண்டுதோறும் 2,000க்கு மேல் வாங்கப்பட்டும் ஆண்டிறுதியில் 100கூட எஞ்சுவதில்லை என்றும், பேணத் தெரிந்தவர் இல்லாமையே காரணம் என்றும் மார்க்கோ போலோ எழுதினார். குதிரை ஒன்றின் விலை 220 பொன் தினார் என்றும், வழியில் இறந்தவற்றுக்கும் அரசுக் கருவூலம் விலை கொடுத்தது என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வாசாஃப் குறிக்கிறார்.

இவ்வழக்கம் நம் வட்டாரத்தோடும் தொடர்புடையது. வேலூருக்கு வடக்கேயுள்ள சந்திரகிரியில் வலிமை பெற்று, 1485இல் விசயநகர அரியணை ஏறியவர் சாளுவ நரசிம்மர். அவர் உயிருள்ள குதிரைகளுக்கும் இறந்தவற்றுக்கும் ஒரே விலை கொடுத்தார் எனப் போர்த்துகீசியரான நூனிஸ் எழுதியுள்ளார். கடலில் மாண்ட குதிரையின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும், முழுவிலையும் கிடைத்தது.

குதிரைப்படை வேண்டிய மன்னர், வணிகர் அஞ்சாமல் வரவேண்டும் என்றே இவ்வாறு செய்தார். ஆனால் இதன் விளைவு யாது? கப்பலில் நீர் குறைந்தாலும் இடம் நெருங்கினாலும் வணிகருக்கு நட்டமில்லை. இழப்பு முழுவதும் வாய்பேசா உயிருக்கே.

அந்நிலை இன்றும் முற்றிலும் மாறிவிடவில்லை. 2017இல் ஆஸ்திரேலியாவிலிருந்து மேற்காசியாவுக்குச் சென்ற ஒரு கப்பலில் ஏறத்தாழ 2,400 செம்மறியாடுகள் வெப்பம் தாளாது மாண்டன. 2019இல் உருமேனியக் கரையருகே 14,000க்கும் மேற்பட்ட ஆடுகளுடன் ஒரு கப்பல் கவிழ்ந்தது. மீட்கப்பட்டவை சில நூறுகளே. 2020இல் சப்பானுக்கு அருகே மூழ்கிய கப்பலோடு ஏறத்தாழ 5,800 மாடுகள் மறைந்தன. 43 பணியாளருள் பிழைத்தவர் இருவரே. 2023 முதல் நியூசிலாந்து கால்நடைகளை உயிருடன் கடல்வழி அனுப்புவதை நிறுத்திவிட்டது.

நம் நாட்டில், ருக்மிணி தேவி அருண்டேல் நாடாளுமன்றத்தில் மேற்கொண்ட முயற்சியின் பயனாக, விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் பிறந்தது. தேவையற்ற வலியோ துன்பமோ நேருமாறு விலங்குகளை ஏற்றிச் செல்லல் அச்சட்டப்படி குற்றம். ஆயினும் கட்ச் பகுதியின் தூணா துறைமுகத்திலிருந்து ஆடுகள் வளைகுடா நாடுகளுக்குக் கப்பலேற்றப்பட்டன. 2018 டிசம்பரில் குஜராத் அரசு அதற்குத் தடை அறிவித்தது. 2023 சூனில் வெளியான கால்நடை ஏற்றுமதி, இறக்குமதி வரைவு மசோதாவை, சமணர் உள்ளிட்ட பலரின் எதிர்ப்புக்குப் பின் நடுவண் அரசு அம்மாதமே திரும்பப் பெற்றது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எனத் தோல் தொழிலால் பெயர்பெற்ற ஊர்களின் நடுவே வாழும் நமக்கு இது அயலார் செய்தியன்று. வேலையும் வருவாயும் இங்கேயே தங்கவேண்டும் என்று, பதனிடாத பச்சைத்தோலின் ஏற்றுமதியை அரசு 1970களில் தடுத்தது. தோலுக்கே அத்தகைய ஆணை பிறந்த நாட்டில், அத்தோலைச் சுமந்த ஆடு மட்டும் உயிருடன் பல நாள் கடலில் வாடலாமா? தோல் தொழிலில் உழைக்கும் அண்டை வீட்டாரும் நாமும் புலால் குறித்து ஒத்த கருத்தினர் அல்லர். எனினும் இந்த ஒன்றை வேண்டா என்பதில் இருவரும் இணையலாம். அவருக்குத் தொழில் நிலைக்கும், நமக்கு அறம் நிலைக்கும்.

அத்தகைய மசோதா மீண்டும் வருமாயின், பொதுமக்கள் கருத்துக் கூறக் காலம் தரப்படும். அப்போது நம் இளைஞர்கள் ஐந்து அதிசாரங்களையும் ஐந்து வினாக்களாக்கி அரசுக்கு எழுதுவார்களாக. இவ்விழா நாளில் நாம் ஏற்கத்தக்க உறுதிமொழி இதுவே.